பதினேழாம் கோலம்

பூனை பொய் சொல்லாது என்று டாக்டர் வயலட் அடிக்கடி சொல்வார். அதில் தவறில்லை. இரண்டு வருடத்தில் மிளகு ஒருமுறைகூடப் பொய் சொல்லவில்லை. அது சொன்னதை நாங்கள்தான் வேறாகப் படித்தோம்.

முதலில் நாய்தான் இருந்தது. செவலை என்று பெயர். நான்தான் பழக்கினேன். கால்நடை மருத்துவப் படிப்பை மூன்றாம் வருடத்தில் விட்டுவிட்டு, ஒரு மீன் கிடங்கில் ஆறு வருடம் இரவுக் காவல் பார்த்து, அதையும் விட்டவன் நான். ஆட்களோடு ஒத்துப்போகமாட்டான், நாயோடு இருப்பான் என்று யாரோ சொல்லி டாக்டர் வயலட் என்னை எடுத்துக்கொண்டார். திருநெல்வேலிக்கு வெளியே தாமிரபரணிக் கரையில் ஓர் அறக்கட்டளை நடத்தும் ஆஸ்பத்திரி அது. தீவிர சிகிச்சைப் பிரிவில் பன்னிரண்டு படுக்கைகள். யார் பிழைக்கமாட்டார் என்பதை மூக்கால் முன்கூட்டியே அறிய முடியுமா என்பது டாக்டரின் கேள்வி.

செவலையின் மூளையில், மூக்கு நரம்புகள் போய்ச் சேரும் இடத்தில், நகத்தின் அளவுக்கு ஒரு மெல்லிய படலத்தை ஒட்டினார்கள். நாய் எதை மோந்தாலும் அங்கே எந்தெந்த இடம் துடிக்கிறது என்பது கணினித் திரையில் விழும். புள்ளிகள், அவற்றைச் சுற்றி வளையும் கோடுகள். சிஸ்டர் ஆவுடையம்மாள் முதல் நாளே அதைப் பார்த்துவிட்டு, "என்ன டாக்டர், மார்கழிக் கோலம் மாதிரில்லா இருக்கு" என்றார். அன்றிலிருந்து எங்கள் எல்லாருக்கும் அது கோலம். ஒவ்வொரு வாசனைக்கும் ஒரு கோலம், ஒவ்வொரு கோலத்துக்கும் ஓர் எண்.

நோயாளிகளின் வியர்வை துடைத்த துணியை நான் நீட்டுவேன். செவலை மோந்து பார்க்கும். சாகப்போகிறவரின் துணி என்றால் உட்காரும், பிஸ்கட் கிடைக்கும். நான்கு மாதம் பிரமாதமாகச் செய்தது. பிறகு டாக்டர் ஒருநாள், எது யாருடைய துணி என்று எனக்கே தெரியாமல் மாற்றிவைத்தார். செவலை எல்லாவற்றையும் தப்பாகச் சொன்னது. ஆபத்தான துணியை நீட்டும்போது என் கை அரை நொடி தயங்கியிருக்கிறது. நாய் அந்தத் தயக்கத்தைத்தான் பார்த்திருக்கிறது.

"நாய்க்கு உன்ன சந்தோசப்படுத்தணும், கொம்பையா" என்றார் டாக்டர். "அதுனால அது மூக்க விட்டுட்டு உன் மூஞ்சியப் பாக்குது. நாய் வேண்டாம். பூனைக்கு நீயும் ஒண்ணுதான், செவரும் ஒண்ணுதான்."

செவலையைப் பின்கட்டுக் கொட்டகைக்கு அனுப்பினார்கள். மிளகு வந்தது. கறுப்பும் சாம்பலும் கலந்த பெண் பூனை, கேன்டீனில் கிடந்து வளர்ந்தது. பூனையை வார்டுக்குள் விட முடியாது. அதனால் வார்டுக்குப் பின்னால் ஒரு கண்ணாடி அறை கட்டி, ஒவ்வொரு படுக்கையின் தலைமாட்டிலிருந்தும் ஒரு குழாய் இழுத்தார்கள். விரல் பருமன். சிறிய விசிறி ஒன்று படுக்கைக் காற்றை இழுத்துக்கொண்டு வரும். மிளகு தன் இஷ்டத்துக்கு அந்தப் பன்னிரண்டு ஓட்டைகளையும் மோந்துகொண்டு சுற்றும். அதற்கு யாரும் பிஸ்கட் கொடுக்கவில்லை. அதன் முகத்தைப் பார்த்து நானும் எதையும் தெரிந்துகொள்ள முடியவில்லை.

ஆறு மாதத்தில் எண்பத்தாறு கோலங்கள் சேர்ந்தன. ஒன்றாம் எண் ஸ்பிரிட். நான்கு பினாயில். ஒன்பது சீழ். முப்பத்தொன்று மூத்திரப் பை. பதினேழாம் எண் மட்டும் எதன் வாசனை என்று தெரியவில்லை. முன்னூறுக்கு மேற்பட்ட ரசாயனங்களை ஒவ்வொன்றாகக் குழாயில் விட்டுப் பார்த்தார் டாக்டர். எதற்கும் பதினேழு விழவில்லை. ஆனால் பதினேழு விழுந்த படுக்கையில் இருந்தவர்களில் நூற்றுக்குத் தொண்ணூற்றுநான்கு பேர் மூன்று நாளுக்குள் இறந்தார்கள். சாவின் வாசனை என்று டாக்டர் எங்கும் எழுதவில்லை. பத்திரிகைக்காரர்கள் எழுதினார்கள்.

எங்கள் பக்கத்தில் ஒரு வழக்கம் உண்டு. இனி ஆகாது என்று தெரிந்தால் ஆளை வீட்டுக்குக் கொண்டுபோய்விடுவார்கள். உயிர் சொந்த வீட்டில் போகவேண்டும். ஆம்புலன்சில் ஒருவர் உட்கார்ந்து காற்றுப் பையை அமுக்கிக்கொண்டே போவார், வீட்டு வாசலில் அமுக்குவதை நிறுத்துவார். "வீட்ல வச்சுப் பாத்துக்கிடுங்க" என்று டாக்டர்கள் சொல்வதற்கு அதுதான் அர்த்தம். முன்பெல்லாம் அதைச் சொல்வதற்கு டாக்டர்கள் நாள்கணக்கில் தயங்குவார்கள். சொன்ன பிறகு தூங்கமாட்டார்கள். மிளகு வந்த பிறகு தயக்கம் போயிற்று. சொந்தக்காரர்களே வராந்தாவில் கேட்க ஆரம்பித்தார்கள்: பதினேழு விழுந்திட்டா? விழுந்துவிட்டது என்றால் அழுதுவிட்டு வண்டி பேசினார்கள். யாரும் யாரையும் குறை சொல்ல வேண்டியதில்லை. முடிவு பூனையுடையது. எனக்கும் அது வசதியாகத்தான் இருந்தது.

என் வேலை தினமும் காலை ஏழு மணிக்கு முந்தைய நாள் கோலங்களைப் படித்து டாக்டருக்குத் தாள் கொடுப்பது. இரண்டு வருடத்தில் நூற்று நாற்பத்துமூன்று பதினேழு கொடுத்திருந்தேன்.

சண்பகவடிவு ஒன்பதாம் படுக்கைக்கு வந்தபோது ஐப்பசி மழை விட்டிருந்தது. சேரன்மகாதேவிப் பக்கம் வாழைத் தோட்டத்துக் காவல் வீட்டில், தரையில் படுத்திருந்தவரைக் கட்டுவிரியன் கடித்திருந்தது. ஐம்பத்தெட்டு வயது. விடிந்து எழுப்பினால் இமை தூக்க முடியவில்லை. ஆஸ்பத்திரிக்கு வரும்போது மூச்சே இல்லை. விஷமுறிவு கொடுத்து, தொண்டையில் குழாய் விட்டு, மூச்சு இயந்திரத்தில் போட்டார்கள்.

அவருடைய கணவர் பெயர் ஆறுமுகநயினார். டாக்டர் அவரிடம் சொல்லிக்கொண்டிருந்ததை நான் பக்கத்தில் நின்று கேட்டேன். இந்தப் பாம்பு நரம்பைத்தான் கட்டும், மூளையைத் தொடாது, கண்மணிகூட விரிந்து நிற்கும், பார்த்தால் இறந்தவர் மாதிரி இருக்கும், ஆனால் விஷம் இறங்கினால் எழுந்துவிடலாம். நாலு நாளும் ஆகலாம், பத்து நாளும் ஆகலாம். ரொம்பத் தாமதமாக வந்ததால் மூளைக்குக் காற்று போகாமல் கெட்டிருந்தால் எழுந்திருக்கவும் மாட்டார். இதில் எது என்று இப்போது தெரியாது.

"அவளுக்கு நாம பேசுறது கேக்குமா?" என்றார் நயினார்.

"கேக்கலாம். உறுதியாச் சொல்ல முடியாது."

மூன்றாம் நாள் காலையில் அவர் கண்ணாடி அறைக்கு வெளியே நின்றுகொண்டிருந்தார். வேட்டி முழங்கால்வரை ஈரம். மிளகு ஐந்தாம் குழாய்க்கு முன்னால் உட்கார்ந்து காலை நக்கிக்கொண்டிருந்தது.

"இந்தப் பூனைதான் சொல்லுமாம்லா" என்றார்.

"அது ஒண்ணும் சொல்லாது. மோந்து பாக்கும். நாங்க படிப்போம்."

"எம் பொஞ்சாதிய மோந்துச்சா?"

"தெனமும் மோந்து பாக்கு. ஸ்பிரிட்டு, பினாயிலு, வேர்வ. வேற ஒண்ணும் இல்ல."

அவர் பூனையைப் பார்த்தார். "எங்க வீட்லயும் ஒண்ணு கெடந்துது. நான் மீன் வாங்கிட்டுத் தெரு முக்கு திரும்பும்போதே எந்திரிச்சு வந்துரும். ஊரே சொல்லும், நயினார் மேல பூனைக்கு என்ன பாசம்னு. சண்பகம்தான் சிரிப்பா. பாசம் ஒம்ம மேல இல்ல, பையி மேலன்னு."

நானும் சிரித்தேன். அவர் சொன்னதை அப்போதே சரியாகக் கேட்டிருக்க வேண்டும்.

ஐந்தாம் நாள் காலைத் தாளில் ஒன்பதாம் படுக்கைக்குப் பதினேழு விழுந்திருந்தது. நேரம் முந்தின நாள் காலை ஆறு நாற்பது. நான் வழக்கம்போலச் சிவப்பு மையில் வட்டம் போட்டுக் கொடுத்தேன்.

பத்து மணிக்கு டாக்டர் குடும்பத்தைக் கூப்பிட்டார். மும்பையில் கடை வைத்திருக்கும் மகன் லிங்கதுரை முந்தின நாள் வந்திருந்தான். முப்பது வயது இருக்கும், விமானத்தில் வந்த சட்டையையே மாற்றியிருக்கவில்லை. டாக்டர் எதையும் கூட்டாமல் குறைக்காமல் சொன்னார். நயினார் எழுந்து நின்றுவிட்டார்.

"அன்னைக்கி தெரியாதுன்னு சொன்னிய. இப்பத் தெரியும்ங்கிய. நீங்க சொல்லுங்க டாக்டர். பூனை சொல்ல வேண்டாம்."

மகன்தான் அப்பாவை வெளியே கூட்டிக்கொண்டு போனான். வராந்தாவில் அவர்கள் பேசியது எல்லாருக்கும் கேட்டது. ஆஸ்பத்திரியில் உயிர் போனால் பாம்புக்கடி என்று போலீஸ் கேஸ் ஆகும், அறுத்துத்தான் தருவார்கள், அம்மாவை அறுக்க விடமாட்டேன் என்றான் லிங்கதுரை. முந்தானை விலகினால்கூட யாராவது பார்க்கிறார்களா என்று பார்க்கிறவள் அம்மா, அவளை மேசையில் போட்டுத் திறப்பார்களா என்று கேட்டான். நயினார் கையெழுத்துப் போடமாட்டேன் என்று வார்டு வாசலில் தரையில் உட்கார்ந்துவிட்டார். மகன் போட்டான். மகன் போட்டால் போதும். மாலை ஆறு மணிக்கு வண்டி சொல்லப்பட்டது.

பதினேழு விழுந்த படுக்கையின் குழாயைக் கழற்றி அடைப்பு இருக்கிறதா என்று பார்ப்பது என் வேலைகளில் ஒன்று. வழக்கமாகக் காலையிலேயே பார்ப்பேன். அன்று மனம் சரியில்லை, செவலையிடம் போய் உட்கார்ந்துவிட்டேன். நான்கு மணிக்குப் பார்வையாளர்களை விடும் நேரத்தில்தான் வார்டுக்குள் போனேன்.

லிங்கதுரை அம்மாவின் தலைமாட்டில் குனிந்து நின்றான். கையில் ஒரு சிறிய எவர்சில்வர் கிண்ணம், அதற்குள் பஞ்சு. பஞ்சைத் தொட்டு, மூச்சுக் குழாயைச் சுற்றி அம்மாவின் உதட்டில் மெல்லத் தடவினான். தோள் குலுங்கிக்கொண்டிருந்தது. சிஸ்டர் ஆவுடையம்மாள் ஐந்தடி தள்ளி, அவனுக்கு முதுகைக் காட்டி, ஜன்னல் வழியாக ஆற்றைப் பார்த்துக்கொண்டிருந்தார். பார்க்கும்படி ஆற்றில் ஒன்றும் இல்லை.

நான் அவர் பக்கத்தில் போய், அவன் என்ன செய்கிறான் என்று கேட்டேன்.

"பால் தடவுதான். பாக்காத மாதிரி நில்லு" என்றார் மெதுவாக.

"எல்லாரும் செய்யுறதா?"

"பின்ன? கடைசிப் பால வீட்ல வச்சு ஊத்துறதுதான் முறை. ஆனா வழியில வண்டியிலயே உயிர் போயிட்டுன்னா? அதுனால கொண்டுட்டுப் போறதுக்கு முன்னயே இங்கன ஒரு சொட்டு தடவிருவாவ. எப்பவாது அவுங்க மனசுல இனிமே ஆகாதுன்னு பட்டுட்டா அன்னைக்கே தடவிருவாவ."

"வாய் வழியா ஒண்ணும் குடுக்கக் கூடாதுல்லா சிஸ்டர்?"

"கூடாது. பாத்தா நான் எழுதணும். எழுதுனா அவுங்கள வெளிய அனுப்பணும். அதான் ஜன்னலப் பாக்கேன்."

"எவ்வளவு நாளா?"

"பதினெட்டு வருசமா. நான் மட்டுமா, எல்லா சிஸ்டரும்தான். எங்ககிட்ட யாரு கேட்டா?"

நான் கண்ணாடி அறைக்கு ஓடினேன். பழைய தாள்களை எடுத்து நேரத்தை மட்டும் பார்த்தேன். நூற்று நாற்பத்துமூன்றில் நூற்று முப்பத்தொன்று மாலை நான்குக்கும் ஆறுக்கும் இடையில் விழுந்திருந்தன. இது எனக்குப் புதிதல்ல. ஒருமுறை டாக்டரிடமே சொல்லியிருக்கிறேன். சாயங்காலம் உடம்பு தளரும் நேரம் என்றார், எனக்கும் அது போதுமாக இருந்தது. அது பார்வையாளர் நேரம் என்று எங்கள் இருவருக்கும் தோன்றவில்லை.

செவலை என் முகத்தைப் படித்தது. சொந்தக்காரர்கள் டாக்டர்களின் முகத்தைப் படித்தார்கள். நம்பிக்கை விட்டுப்போனவர்கள் பால் கொண்டுவந்தார்கள். பூனை பாலை மோந்தது. நாங்கள் பூனையைப் படித்தோம். பிறகு ஆளை வீட்டுக்கு அனுப்பினோம், மூச்சுக் குழாயை எடுத்தால் யாராக இருந்தாலும் மூன்று நாளுக்குள் இறந்துதான் போவார்கள். நூற்றுக்குத் தொண்ணூற்றுநான்கு என்பதில் எனக்கு ஆச்சரியம், மீதி ஆறு பேர் எப்படித் தப்பினார்கள் என்பதுதான்.

கேன்டீனில் ஒரு டம்ளர் பால் வாங்கினேன். டாக்டரைக் கையைப் பிடித்து இழுக்காத குறையாகக் கண்ணாடி அறைக்குக் கூட்டிவந்து, திரையைப் பாருங்கள் என்று மட்டும் சொன்னேன். பன்னிரண்டாம் படுக்கை முந்தின நாளிலிருந்து காலி. பஞ்சைப் பாலில் நனைத்து அதன் தலையணை மேல் வைத்துவிட்டு வந்தேன்.

மிளகு இரண்டாம் குழாயைத் தாண்டியது, ஆறைத் தாண்டியது. ஒன்பதில் நின்றது. அங்கே பதினேழு விழுந்தது, அது எதிர்பார்த்ததுதான். பிறகு பன்னிரண்டாம் குழாய்க்குப் போய் முகத்தைத் தூக்கியது. வாயை லேசாகத் திறந்து வைத்துக்கொண்டு அப்படியே நின்றது. திரையில் புள்ளிகள் ஒவ்வொன்றாக எரிந்தன, கோடுகள் வளைந்தன. பதினேழு. ஆளில்லாத கட்டில்.

டாக்டர் வயலட் திரைக்குப் பக்கத்தில் குனிந்தார். "பால நாம சோதிக்கவே இல்லையா?" என்றார்.

"இல்ல."

"முன்னூறு சோதிச்சோமே."

"ஐ.சி.யு.வுல பால் ஏதுன்னு விட்டுட்டோம்."

அவர் உட்கார்ந்தார். ஆனால் மூளை நிற்கவில்லை. ஒன்பதில் நேற்றுக் காலை ஆறு நாற்பதுக்கே விழுந்துவிட்டது, மகன் பால் தடவியதோ இன்று மாலையில், அப்படியானால் காலையில் பால் எங்கிருந்து வந்தது என்று கேட்டார். பால் பதினேழைக் கொண்டுவரும் என்பதுதான் நிரூபணம் ஆகியிருக்கிறது, அந்தம்மாவின் பதினேழு பாலால் வந்தது என்பது ஆகவில்லை. இது தெரியாமல் தான் வண்டியை நிறுத்தினால், அதுவும் இன்னொரு ஊகம்தான் என்றார். மணி நாலே முக்கால்.

சிஸ்டர் ஆவுடையம்மாளிடம் கேட்டேன். அவர் யோசிக்கவே இல்லை. "நெத்தியப் பாக்கலியா? ரெண்டு நாளா அந்த மனுசன் காலையில வந்து என்னமோ மண்ணு பூசிட்டுப் போறாரு."

நயினார் வார்டு வாசலில் அதே இடத்தில் இருந்தார். காலையில் ஒருவரை ஐந்து நிமிடம் உள்ளே விடுவார்கள். அப்போது நெற்றியில் என்ன பூசுகிறீர்கள் என்று கேட்டேன். நான் பறித்துவிடுவேன் என்பதுபோல இடுப்புத் துணியைப் பிடித்துக்கொண்டார். அதற்குள் வாழைச் சருகில் பொதிந்த மண் இருந்தது. தோட்டத்துக்குப் பின்னால் ஒரு புற்று. விடியும்முன் போய் அதில் பால் ஊற்றுகிறார். பால் ஊறிய மண்ணை எடுத்து வந்து அவளுடைய நெற்றியிலும் உள்ளங்காலிலும் பூசுகிறார். பக்கத்துத் தோட்டத்துக்காரர் சொன்ன வழி. நேற்றிலிருந்து.

"அதத் தொடைக்கணும்" என்றேன்.

"தொடைக்க மாட்டேன். அதுதான் அவளப் புடிச்சு வச்சிருக்கு. கடிச்சதுகிட்டதான கேக்க முடியும். நீங்க எல்லாரும் அவள அனுப்பத்தான நிக்கிய. நான் ஒருத்தன் வச்சிருக்கேன், அது பொறுக்கலியா?"

"பூனைக்கு உங்க பால்தான் பட்டுருக்கு. அதுனாலதான் வண்டி வருது."

இதை வேறு மாதிரி சொல்லியிருக்கலாம். எனக்கு வரவில்லை. அவருக்குப் புரிய நேரம் எடுத்தது. புரிவதை நான் பார்த்தேன். முகத்தில் ஒன்றும் மாறவில்லை, மண் பொதி இருந்த கை மட்டும் தானாகத் திறந்தது.

"அப்ப நான் ஊத்துன பாலா அவளக் கொண்டுட்டுப் போவுது?"

"இன்னும் கொண்டுட்டுப் போவல."

அவரே துடைத்தார். சிஸ்டர் வெந்நீரும் துணியும் கொடுத்தார். நெற்றியை, உதட்டை, ஒவ்வொரு விரலிடுக்கிலும் துணியை விட்டு உள்ளங்கால்களை. தலையணை உறையை மாற்றினார்கள். குனிந்து மனைவியின் காதில், கோவிச்சுக்கிடாத, கொஞ்ச நேரத்துக்குத்தான் என்றார். நான் அந்தக் குழாயைக் கழற்றிக் கழுவி மாட்டினேன்.

காற்று மாற முக்கால் மணி நேரம் ஆகும். வண்டி ஐந்தரைக்கே வந்துவிட்டது. டிரைவர் பின்கதவைத் திறந்துவைத்துவிட்டு வெற்றிலை போட்டான். லிங்கதுரை கண்ணாடி அறை வாசலுக்கு வந்து டாக்டரைப் பார்த்து, "என்ன டாக்டர், பூனை மனசு மாறிட்டா?" என்று கேட்டான். அவன் கேட்டதில் தப்பில்லை. டாக்டர் திரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். நாங்கள் நான்கு பேர் ஒரு பூனை நடந்து வருவதற்காக நின்றோம். அது நடுவில் படுத்துத் தூங்கியது. நயினார் அதை எழுப்பச் சொன்னார். எழுப்பினால் கணக்கில் வராது என்றேன்.

ஆறு ஐந்துக்கு மிளகு எழுந்து சோம்பல் முறித்து ஒன்பதாம் குழாய்க்குப் போனது. ஒன்று. நான்கு. முப்பத்தொன்று. பிறகு திரும்பிப் போய்விட்டது. பதினேழு இல்லை.

டாக்டர் லிங்கதுரையின் பக்கம் திரும்பினார். "பூனைய விட்ருங்க. காலையில நான் சொன்னது தப்பு. அம்மா பொழைப்பாங்களா மாட்டாங்களான்னு எனக்குத் தெரியாது. தெரியாதுன்னு மட்டும்தான் இப்ப சொல்ல முடியும்."

"காலையில தெரியும்னு சொன்னிய" என்றான்.

"ஆமா."

"நான் கையெழுத்துப் போட்டுட்டேன் டாக்டர். பாலும் குடுத்துட்டேன்."

அவன் சுவரில் சாய்ந்து அப்படியே தரைக்கு இறங்கினான். நயினார்தான் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தார். வண்டி காலியாகத் திரும்பிப் போனது.

எட்டாம் நாள் சண்பகவடிவின் இடது கால் பெருவிரல் அசைந்தது. பதினோராம் நாள் தொண்டைக் குழாயை எடுத்தார்கள்.

டாக்டர் வயலட் கோலங்களிலிருந்து பாலைக் கழித்துவிட்டு மறுபடி மூன்று வாரம் ஓட்டினார். பாலுக்கு அடியில் வேறு ஏதாவது இருக்கும், இவ்வளவு சாவுக்கு ஒரு வாசனைகூடவா இருக்காது என்றார். அந்த மூன்று வாரத்தில் ஒன்பது பேர் இறந்தார்கள். மிளகு ஒருவரிடமும் நிற்கவில்லை. படலத்தை எடுத்துவிட்டு அதைக் கேன்டீனுக்கே திருப்பி விட்டார்கள். இப்போது பால் கேனுக்குப் பக்கத்தில்தான் படுத்திருக்கும்.

நூற்று நாற்பத்துமூன்று பேரின் பட்டியலை நான் மறுபடி எடுத்தேன். பெரும்பாலோர் எப்படியும் பிழைத்திருக்க மாட்டார்கள். புற்றுநோய், முற்றிய ஈரல், எண்பது தாண்டியவர்கள். ஏழு பேர் பாம்புக்கடி. ஏழும் கட்டுவிரியன். அந்த ஏழு பெயரைத் தனித்தாளில் எழுதி டாக்டர் மேசையில் வைத்தேன். இதைச் சொல்லவேண்டும் என்றேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை என்னையும் கூட்டிக்கொண்டு முதல் வீட்டுக்குப் போனார். வீரவநல்லூருக்குப் பக்கத்தில். இறந்தவனுக்கு முப்பத்துநான்கு வயது. அவனுடைய மனைவி எங்களுக்குக் கலர் சோடா வாங்கிவந்து கொடுத்தாள். மாலை போட்ட படத்துக்குக் கீழே நின்றுகொண்டு, உங்க புண்ணியத்துல அவுக எங்க கண்ணு முன்னால, வீட்ல வச்சுப் போனாவ, அறுக்காமக் கெடச்சாவ என்று டாக்டரின் கையைப் பிடித்துக்கொண்டாள். டாக்டர் கலரைக் குடித்து முடித்தார். எழுந்தார். காரில் ஏறிய பிறகு அந்தத் தாளை நான்காக மடித்துக் கைப்பையில் வைத்தார். மற்ற ஆறு வீடுகளுக்கும் போனாரா என்று எனக்குத் தெரியாது. நானும் கேட்கவில்லை, போகவும் இல்லை.

சண்பகவடிவை வீட்டுக்கு அனுப்பும் நாளன்று, அவர் என்னைக் கூப்பிடுவதாக சிஸ்டர் சொன்னார். சாதாரண வார்டில், கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். கை நடுக்கம் இருந்தது. குரல் இன்னும் உடைந்தே இருந்தது.

"நீதான கொம்பையா? கொரலு தெரியும்" என்றார். "அவர் காலத் தொடைக்கும்போது நீ பக்கத்துல நின்ன."

எவ்வளவு கேட்டது என்று கேட்டேன்.

"எல்லாம் கேட்டுது. கண்ணத்தான் தொறக்க முடியல. டாக்டர் சொன்னது, எம் மவன் ஆறு மணிக்கு வண்டி சொன்னது, எல்லாம். உள்ளுக்குள்ள கத்திக்கிட்டேதான் கெடந்தேன்." கொஞ்சம் தண்ணீர் குடித்தார். "அவன் பாலத் தடவுனான் பாரு. அப்பத்தான் கத்துறத நிறுத்துனேன்."

"ஏம்மா?"

"சீனி போட்டிருந்தான். எனக்குக் காப்பில ரெண்டு கரண்டி கூட வேணும். அவங்கப்பா வைவாரு, சுகர் வந்துரும்னு. எவனும் அந்தப் பாலுக்குச் சீனி போட மாட்டான். இவன் போட்டுக் கொண்டாந்திருக்கான்."

வெளியே வராந்தாவில் லிங்கதுரையின் குரல் கேட்டது, யாரிடமோ ஆட்டோ பேசிக்கொண்டிருந்தான். அவர் என் பக்கம் சாய்ந்தார்.

"எனக்கு ஒண்ணுமே ஞாபகம் இல்லன்னு சொல்லி வச்சிருக்கேன். பாம்பு கடிச்சது மட்டும்தான் தெரியும்னு. நீ ஒம் பேச்சுல எங்கயும் விட்டுறாத. அவன் அதத் தாங்கமாட்டான்."

சரி என்றேன்.

லிங்கதுரை ஒரு பிளாஸ்கோடு உள்ளே வந்தான். என்னைப் பார்த்துத் தலையை அசைத்தான். கண்ணை நேராகப் பார்க்கவில்லை. டம்ளரில் பாலை ஊற்றி, காகிதப் பொட்டலத்திலிருந்து சீனியைக் கொட்டி, ஆற்றி, அம்மாவின் கையில் கொடுத்தான். கை நடுங்கியதால் தானும் பிடித்துக்கொண்டான். அவர் ஒரு வாய் குடித்தார்.

"சீனி போதுமாம்மா?"

அவர் அவன் முகத்தைப் பார்த்தார்.

"இன்னும் கொஞ்சம் போடு" என்றார்.